நான்கு கிலோ ஃப்ளைவீல் போட்டு நான் பட்ட பாடு

மூன்று முறை கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய பிறகு இதை எழுதுகிறேன். நான்கு மாதம் போனது. அதில் பாதி நாள் கார் ஓடவே இல்லை. செலவைக் கூட்டிப் பார்த்தால் என்னுடைய மூன்று மாதச் சம்பளம் வருகிறது. இத்தனைக்கும் நான் செய்தது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. கிளட்ச் தேய்ந்திருந்தது, அதை மாற்றும்போது கூடவே லேசான ஃப்ளைவீல் (இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் சுற்றும் கனமான வட்டு) ஒன்றைப் போட்டேன், அவ்வளவுதான். போடுவதற்கு முன் விசாரித்த இடத்தில் எல்லாம் "இன்ஜின் சும்மா பறக்கும்" என்றுதான் சொன்னார்கள். பறப்பது உண்மைதான். மற்றதையும் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் இரண்டு முறை கியர்பாக்ஸ் இறக்கிய செலவாவது மிஞ்சியிருக்கும்.

என் கார் இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், பின்சக்கர இயக்கம், ஆறு கியர் மேனுவல். பல வருடம் ஆசைப்பட்டு, பழையதாகப் பார்த்து வாங்கியது. அதில் எனக்கு இருந்த ஒரே குறை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகு ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண், இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முள் இறங்கட்டும் என்று ஒரு கணம் காத்திருக்க வேண்டும். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கும்போது பிரேக்கை விடாமல் குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டினால், இன்ஜின் சோம்பலாக ஏறும். லெக்சஸ் எல்எஃப்ஏ என்ற காரில் ஐடிலிலிருந்து (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலை) 9,000 ஆர்பிஎம்முக்கு 0.6 வினாடியில் இன்ஜின் ஏறுமாம். முள் வைத்த மீட்டரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்று டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து என் காரின் அந்தச் சோம்பல் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் உறுத்த ஆரம்பித்தது.

கிளட்ச் வழுக்கத் தொடங்கியதும் இதுதான் சமயம் என்று முடிவு செய்தேன். எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் போகிறார்கள், கூலி ஒன்றுதான். இந்த யோசனையில் தப்பில்லை. தப்பு, நான் தேர்ந்தெடுத்த விதத்தில். காரோடு வந்த ஃப்ளைவீல் 11.5 கிலோ. எனக்குக் கிடைத்த மாற்றுகளை ஒரு தாளில் எழுதி, எடை மட்டும்தான் பார்த்தேன். 8 கிலோ, 6.8 கிலோ, 4 கிலோ. இருப்பதிலேயே லேசான அலுமினிய ஃப்ளைவீலை எடுத்தேன். அதோடு சேர்த்து விற்ற கிளட்ச் பிளேட் ஆறு செராமிக் துண்டுகள் பதித்தது, நடுவில் ஸ்பிரிங் இல்லாதது. 'ரேஸ் பிளேட்' என்றார்கள். ரேஸுக்கு நல்லதென்றால் சாலைக்கும் நல்லதுதானே என்று வாங்கிவிட்டேன். அந்த ஒரு வரி யோசனைக்குத்தான் இவ்வளவு விலை கொடுத்தேன்.

ஃப்ளைவீல் என்ன வேலை செய்கிறது என்று எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. இன்ஜின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. நான்கு சிலிண்டரில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு முறை எரிபொருள் வெடித்துத் தள்ளுகிறது, இடையில் வேகம் தொய்கிறது. அந்தத் தொய்வை நிரப்புவது ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல். குயவர் சக்கரம் கனமாக இருப்பதும் இதற்காகத்தான். கையை எடுத்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். என் காரின் கணக்கைப் பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். சுழல் நிலைமம் என்பது, சுற்றும் பொருளின் வேகத்தை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதன் அளவு. பழைய ஃப்ளைவீலுக்கு அது தோராயமாக 0.10 கிலோகிராம்-சதுர மீட்டர், புதியதற்கு 0.04. இன்ஜினை 1,500 ஆர்பிஎம்மில் வைத்துக் கிளட்ச்சை விடும்போது பழையதில் சுமார் 1,230 ஜூல் ஆற்றல் தயாராக இருக்கும். புதியதில் 500 ஜூல் கூட இல்லை. 1,200 கிலோ காரை நின்ற இடத்திலிருந்து மனிதன் நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1,160 ஜூல் வேண்டும். அதாவது இத்தனை வருடமாக நான் சிக்னலில் பதமாகக் கிளட்ச் விட்டுக் கிளம்பிய திறமையில் பெரும் பங்கு என் காலுடையதே அல்ல. அது அந்த 11.5 கிலோ இரும்புடையது.

முதல் நாள் சாயங்காலமே அது தெரிந்துவிட்டது. காரை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது எவ்வளவு சந்தோஷம்! ஆக்சிலரேட்டரைத் தொட்டால் முள் துள்ளுகிறது, விட்டால் அந்தக் கணமே விழுகிறது. நானே சத்தமாகச் சிரித்தேன். அரை மணி நேரம் கழித்து ஓர் அடுக்குமாடியின் தரைக்கீழ் பார்க்கிங்கிலிருந்து மேலே ஏறும் சாய்வுப் பாதையில், வெளியே போகும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழெட்டுக் கார்கள், பின்னால் ஒரு கார் ஒட்டி நிற்கிறது. வரிசை ஒரு கார் நீளம் நகர்ந்தது. வழக்கம்போலக் கிளட்ச் விட்டேன், இன்ஜின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து 2,000 வரை ஏற்றி விட்டேன். கார் தவளை மாதிரி இரண்டு முறை குதித்து மறுபடி நின்றது. மூன்றாவது முறை 3,000. டயர் கீச்சிட்டது, முன்னால் இருந்த காருக்கு ஒரு முழம் தூரத்தில் போய் நிறுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி டேஷ்போர்டைக் கையால் பிடித்துக்கொண்டு, "என்னங்க, வண்டியில ஏதாவது கோளாறா?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பாதையில் மேலே வருவதற்குள் பதினோரு முறை இன்ஜின் நின்றது. எண்ணினேன். கடைசியில் கிளட்ச் கருகிய வாடை காருக்குள் வந்துவிட்டது. ஃப்ளைவீல் லேசாக இருந்தால் சூட்டை வாங்கிக்கொள்ளும் பொருளும் குறைவு. அது சீக்கிரம் சூடேறும் என்பதையும் அன்றுதான் மூக்கால் தெரிந்துகொண்டேன்.

பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பாதி சரியானது. ஸ்பிரிங் இல்லாத செராமிக் பிளேட்டுக்கு நடு நிலை கிடையாது. சுவிட்ச் மாதிரி, ஒன்று விட்டிருக்கும், இல்லையென்றால் கடித்திருக்கும். ரிவர்ஸில் மெதுவாக எடுக்கும்போது கார் முழுக்க உதறும். லேசான ஃப்ளைவீலைத் தனியாகப் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் பழகியிருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். இரண்டும் சேர்ந்ததுதான் வினை. ஆகவே ஃப்ளைவீல் வாங்க நினைப்பவர்கள் முதலில் கிளட்ச் பிளேட்டை முடிவு செய்யுங்கள். சாலையில் ஓட்டும் காருக்கு நடுவில் ஸ்பிரிங் உள்ள ஆர்கானிக் பிளேட் (சாதாரணக் கார்களில் வரும், மெதுவாகப் பிடிக்கும் வகை) போதும். என் இன்ஜினின் முறுக்கு விசையைத் தாங்க அதுவே தாராளம். செராமிக் எனக்குத் தேவையே இல்லை.

அடுத்தது சத்தம். நியூட்ரலில், கிளட்ச்சிலிருந்து காலை எடுத்து நிறுத்தினால், தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டு ஆட்டுவது போல ஒரு கடகடப்பு. பயந்துபோய் ஒரு பட்டறையில் காட்டினேன். கேட்ட உடனே "கியர்பாக்ஸ் பேரிங் போச்சு, பிரிக்கணும்" என்றார்கள். நாளும் குறித்துவிட்டேன். நல்ல வேளையாக அதற்கு முந்தைய நாள், எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர் காரைப் பார்த்தார். போனட்டைக் கூடத் திறக்கவில்லை. "தம்பி, கிளட்ச்ச மிதி" என்றார். மிதித்தேன், சத்தம் நின்றது. "விடு." மறுபடி வந்தது. "மிதிச்சா நிக்குது, விட்டா வருது. இது கியர் பல்லு ஒண்ணோட ஒண்ணு தட்டுற சத்தம். மிதிக்கும்போது சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங்கப் பாக்கணும். விட்டா வருதேன்னு உடனே பேரிங்னு பிரிச்சிடாத. பழைய ஃப்ளைவீல் எங்க?" என்று கேட்டார். விற்றுவிட்டேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்பது முக்கியம். என் காரில் இருந்தது டூயல் மாஸ் ஃப்ளைவீல். பார்ப்பதற்கு ஒரே வட்டு, உண்மையில் இரண்டு. ஒன்று இன்ஜினோடு, இன்னொன்று கிளட்ச்சோடு. நடுவில் வில் போல வளைந்த நீள ஸ்பிரிங்குகள். 1985-இல் லுக் நிறுவனம் இதை முதன்முதலில் தயாரிப்புக் கார்களுக்குக் கொண்டுவந்தது. இன்ஜினின் துடிப்பு கியர்பாக்ஸுக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்குகள் விழுங்கிவிடும். அப்படிப்பட்ட காரில் கிளட்ச் பிளேட்டுக்குத் தனியாக ஸ்பிரிங் இல்லாமல் கூட வரும், ஏனென்றால் அந்த வேலையை ஃப்ளைவீலே செய்துவிடுகிறது. நான் அதைக் கழற்றிவிட்டு ஒற்றை வட்டு ஃப்ளைவீலைப் போட்டு, பிளேட்டிலும் ஸ்பிரிங் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். துடிப்பை விழுங்க எதுவுமே மிஞ்சவில்லை. உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் வாங்காதீர்கள். முதலிலேயே ஒற்றை வட்டு என்றால் மாற்றம் அவ்வளவாக உறுத்தாது. டூயல் மாஸ் என்றால், எதைப் போட்டாலும் நியூட்ரலில் கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். அது உங்களுக்குச் சம்மதமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரத்தில் இன்ஜின் விளக்கு எரிந்தது. கோட் பி0300, அதாவது ஏதோ சிலிண்டர்களில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினேன். விளக்கு போகவில்லை. பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் நான்கு காயிலையும் மாற்றினேன். அப்போதும் போகவில்லை. எல்லாம் வீண் செலவு, ஏனென்றால் எரிவதில் கோளாறே இல்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ எரிதலை நேராகப் பார்ப்பதில்லை. கிராங்க் சென்சார் வழியாக, கிராங்க் ஷாஃப்ட் ஒவ்வொரு வெடிப்புக்கும் எவ்வளவு வேகம் எடுக்கிறது, எங்கே தொய்கிறது என்று அளந்து ஊகிக்கிறது. கனமான ஃப்ளைவீலை மனதில் வைத்து எழுதிய ஊகம் அது. லேசானதைப் போட்டதும் சாதாரணத் தொய்வே பெரிதாகத் தெரிந்து, அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டது. ஃப்ளைவீல் மாற்றிய பிறகு இந்த கோட் வந்தால், காயில் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஒரு காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். கோளாறு அதோடு சேர்ந்து நகர்ந்தால்தான் காயில் பழுது. எனக்கு எங்கேயும் நகரவில்லை. ஆனால் அதைச் சோதித்தது எல்லாவற்றையும் வாங்கிய பிறகு.

சிக்னலை நெருங்கும்போது கிளட்ச்சை மிதித்து உருண்டு வந்தால் இன்ஜின் அணைந்துவிடும் தொல்லையும் இதே குடும்பம்தான். ஆர்பிஎம் பழையபடி மெதுவாக இறங்கும், 750 பக்கம் வரும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று ஈசியூ காத்திருக்கிறது. இங்கே ஆர்பிஎம் கல் மாதிரி விழுகிறது. பிடிக்க வருவதற்குள் 500-க்குக் கீழே போய் நின்றுவிடுகிறது. ஏசி ஓடினால் இன்னும் மோசம். நின்றதும் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்து கனத்துவிடும். ஒரு முறை வளைந்துகொண்டிருக்கும்போதே இப்படி ஆனது. அன்று நிஜமாகவே பயந்தேன்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டால் வேகமாவது கிடைத்ததா? அதையும் கணக்குப் போட்டேன். ஃப்ளைவீலில் குறைக்கும் நிலைமம், காரின் எடையில் எவ்வளவு குறைத்ததற்குச் சமம் என்பது கியரைப் பொறுத்தது. கியர் விகிதத்தையும் பின் அச்சின் விகிதத்தையும் பெருக்கி, அதை வர்க்கம் எடுத்து, நிலைமத்தால் பெருக்கி, டயர் ஆரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். என் காரில் முதல் கியர் 3.6, பின் அச்சு 4.1, டயரின் ஆரம் 0.3 மீட்டர். முதல் கியரில் ஏறக்குறைய 145 கிலோவை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். 2.1 விகிதமுள்ள இரண்டாவது கியரில் அது 50 கிலோவாகிறது. மூன்றாவதில் 20 சொச்சம். ஒன்றுக்கு ஒன்று வரும் கியரில் வெறும் 11 கிலோ, ஒரு ஸ்டெப்னி டயரை எடுத்து வீட்டில் வைத்ததை விடக் குறைவு. நெடுஞ்சாலையில் முந்தும்போது எந்த வித்தியாசமும் தெரியாததற்கு இதுதான் காரணம். இன்ஜினின் குதிரைத்திறன் ஒன்று கூடக் கூடுவதில்லை. கூடுவது, கீழ் கியர்களில் இன்ஜின் காட்டும் சுறுசுறுப்பு. அதற்காகத்தான் வாங்குகிறோம் என்று தெளிவாகத் தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. எனக்கு அந்தத் தெளிவு இல்லை.

ஆறு வாரம் கழித்து இரண்டாவது முறை கியர்பாக்ஸை இறக்கினேன். அலுமினிய ஃப்ளைவீலை அப்படியே வைத்துக்கொண்டு, பிளேட்டை மட்டும் ஸ்பிரிங் வைத்த ஆர்கானிக்காக மாற்றலாம் என்று. உதறல் போனது, சத்தமும் பாதியாகக் குறைந்தது. ஆனால் இந்த முறை செலவைக் குறைக்கப் போய் இன்னொரு அடி வாங்கினேன். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஃப்ளைவீலையும் கழற்றினார்கள். மாட்டும்போது பழைய போல்ட்டுகளையே போடச் சொன்னது நான்தான். என் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டோடு ஃப்ளைவீலைப் பிடிக்கும் போல்ட்டுகள் ஒரு முறை இழுபட்டு இறுகும் வகை. கழற்றினால் புதிது போட வேண்டும். அந்தத் துளைகளும் நேராக ஆயில் இருக்கும் பக்கம் திறந்தவை, அதனால் மரையில் சீலன்ட் தடவ வேண்டும். எட்டு போல்ட்டு, ஒரு குப்பி சீலன்ட், பின்பக்க ஆயில் சீல் ஒன்று. மொத்தமாகச் சேர்த்தாலும் கியர்பாக்ஸ் இறக்கும் கூலியில் பத்தில் ஒரு பங்கு வராது. அதை மிச்சம் பிடித்தேன். மூன்று வாரத்தில் கிளட்ச் வழுக்கியது. மறுபடி இறக்கிப் பார்த்தால் புதிய பிளேட் முழுக்க ஆயிலில் ஊறியிருந்தது. ஊறிய ஆர்கானிக் பிளேட்டைக் கழுவிக் காப்பாற்ற முடியாது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது, மறைக்க எதுவும் இல்லை.

இந்த நிலையில் கையில் பணம் இல்லை. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. இதே இன்ஜினின் பழைய மாடலில் வரும் ஒற்றை வட்டு வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதை லேத்தில் கொடுத்து ஓரத்தைச் சீவி மூன்று கிலோ குறைத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். லேத்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். கிளட்ச் உரசும் முகத்தில் நீலம் பாரித்த திட்டுகள் இருந்தன. ஒரு திட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். நகம் ஓர் இடத்தில் தட்டி நின்றது. "இங்க பாருங்க" என்றார். முடியை விட மெல்லிய ஒரு கோடு, முகத்திலிருந்து ஓரத்தை நோக்கிப் போகிறது. "முகத்த லேசா சமப்படுத்தச் சொன்னா செய்வேன். ஓரத்தச் சீவச் சொன்னா செய்ய மாட்டேன். விரிசல் இல்லாட்டியும் செய்ய மாட்டேன். இது வார்ப்பு. இழுத்தா நீளாது, உடையும். உங்க காலுக்குப் பக்கத்துல சுத்துற சாமான் இது." வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஃப்ளைவீல் 7,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரு துண்டு பிய்ந்தால் கியர்பாக்ஸின் மணி வடிவ உறையையும் கிழித்துக்கொண்டு காலை நோக்கி வரும். அந்த மனிதர் எனக்கு வேலை செய்து தரவில்லை. என்னை அந்தத் தவறிலிருந்து காப்பாற்றினார்.

ஆகவே இரண்டு மாதம் பொறுத்து, பணம் சேர்த்து, மூன்றாவது முறை ஒழுங்காக வாங்கினேன். ஃபோர்ஜ் செய்த குரோம்-மாலிப்டினம் ஸ்டீல், 6.8 கிலோ. உயர் சுழற்சியைத் தாங்குமா என்று சோதிக்கும் எஸ்எஃப்ஐ 1.1 தரச் சான்று உள்ளதா என்று பார்த்தே வாங்கினேன். இந்த முறை எடையை மட்டும் பார்க்கவில்லை, எடை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். நடுவில் இருக்கும் ஒரு கிலோவும் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோவும் ஒன்றல்ல. மையத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் அதன் தாக்கம் நான்கு மடங்கு. ஒரே எடையுள்ள இரண்டு ஃப்ளைவீல்கள் காரில் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளும். விற்பவரிடம் நிலைமம் எவ்வளவு என்று கேளுங்கள். எண் தெரியாவிட்டால் படத்தையாவது வாங்கி, விளிம்பு தடிமனா, நடுப்பகுதி தடிமனா என்று பாருங்கள்.

கையில் வந்ததும், கழற்றிய அலுமினிய ஃப்ளைவீலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், ஸ்டார்டர் மோட்டார் கடிக்கும் பல்வளையத்தின் பல் எண்ணிக்கை, பிரஷர் பிளேட் உட்காரும் விட்டம், அதை இடம் பிசகாமல் வைக்கும் ஊசிகள், உரசும் முகத்தின் உயரம். இந்த உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலும் ரிலீஸ் பேரிங் தள்ளும் தூரம் மாறி, கிளட்ச் முழுதாக விடாது. சில இன்ஜின்களில் கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள் ஃப்ளைவீலிலேயே வெட்டியிருக்கும். அவை இல்லாத ஃப்ளைவீலைப் போட்டால் இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது. வேறு சிலவற்றில் கிராங்க் ஷாஃப்ட்டின் சமநிலைக்காக ஃப்ளைவீலின் ஒரு பக்கம் வேண்டுமென்றே கனமாக இருக்கும்; அப்படிப்பட்ட இன்ஜினுக்கு அதே அளவு ஒரு பக்கக் கனம் உள்ளதைத்தான் போட வேண்டும். இன்னொன்று, ஃப்ளைவீலை லேசாக்கும் உற்சாகத்தில் இன்ஜினின் முன்பக்கம் இருக்கும் ரப்பர் வைத்த டேம்பர் புல்லியையும் கழற்றி அலுமினியம் போட்டுவிடாதீர்கள். அது கிராங்க் ஷாஃப்ட் முறுக்கி அதிர்வதைத் தடுக்க வைத்தது, வெறும் எடை அல்ல.

புது போல்ட்டு, சீலன்ட், ஆயில் சீல், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், எல்லாம் போட்டோம். புது ஃப்ளைவீல் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வரும். அதை பிரேக் கிளீனரால் துடைத்து, துணியில் கறை வராத வரை துடைத்தேன். அப்புறம் 800 கிலோமீட்டர், சிக்னல் சிக்னலாக நின்று கிளம்பும் நகர ஓட்டம், முழு ஆக்சிலரேட்டர் கிடையாது. முதல் தடவை கிளட்ச்சை இப்படிப் பழக்காமல் முதல் நாளே விரட்டினேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கடைசியாக ஈசியூவை ட்யூன் செய்பவரிடம் போய், ஐடிலை 750-லிருந்து 900-க்கு ஏற்றி, ஆக்சிலரேட்டரை விட்டதும் ஆர்பிஎம் விழுவதை முன்கூட்டியே பிடிக்கும்படி மாற்றி வாங்கினேன். இந்தச் செலவை ஃப்ளைவீலின் விலையோடு சேர்த்தே திட்டமிடுங்கள். ட்யூன் செய்ய முடியாத ஈசியூ என்றால், மிதமான எடைக்குக் கீழே போகாதீர்கள்.

நாலு கிலோ அலுமினியம் கெட்ட சாமான் என்று சொல்ல வரவில்லை. டிராக்கில் மட்டும் ஓடும், டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகும் காருக்கு அது அருமையானது. அதன் உரசும் முகம் தனி ஸ்டீல் வட்டு, தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் நீங்கள் அந்தக் காரில் வேலைக்குப் போகிறீர்களா, சாய்வில் ரிவர்ஸ் எடுக்கிறீர்களா, வேறு யாராவது ஓட்டுவார்களா? கடைக்காரர் கேட்க மாட்டார், நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் ஒரு வருடத்தில் டிராக்குக்குப் போனது மூன்று நாள். மற்ற நாளெல்லாம் சிக்னலும் பார்க்கிங்கும். தேர்வு செய்யும்போது அந்த மூன்று நாளை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய ஃப்ளைவீலையும் விற்காதீர்கள், அதன் போல்ட்டோடு எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள். என்னிடம் அது இருந்திருந்தால், பணம் சேரும் வரை கார் நின்றிருக்காது.

இப்போது நியூட்ரலில் மெல்லிய கலகலப்பு இருக்கிறது, ஜன்னலை மூடினால் கேட்காது. கிளம்பும்போது முன்பை விட 300 ஆர்பிஎம் கூடுதலாக வைக்கிறேன், கால் அதற்குப் பழகிவிட்டது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கை எவ்வளவு வேகமாகப் போனாலும் முள் அங்கே வந்து நிற்கிறது. போன வாரம் அதே அடுக்குமாடி பார்க்கிங்குக்குப் போனேன். அதே சாய்வு, முன்னால் ஆறு கார். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, 1,800-ல் வைத்து, கிளட்ச்சை விட்டேன். மனைவி போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். மேலே வந்து சாலையில் திரும்பும் வரை பேச்சு நிற்கவில்லை.